சிந்துவெளிப் பாடத்தை வீட்டில் கையால் செய்து பார்க்க வழி சொல்லுங்கள்

ஈரோட்டு அம்மா கேட்டது:

மகள் ஆறாவது படிக்கிறாள். பெருங்குளம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மொகஞ்சதாரோ என்று சட்டென்று சொல்லிவிடுவாள். அதற்கு மேல் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. பள்ளியில் மாதிரி செய்து வரச் சொன்னதால் தெர்மாகோலில் குளம் வெட்டி நீலப் பெயிண்ட் அடித்தோம். முக்கால்வாசி வேலை நான்தான் செய்தேன். அவளுக்கு அதில் என்ன கிடைத்தது என்று யோசித்தால் வருத்தமாக இருக்கிறது.

போன வாரம், "அம்மா, அந்த முத்திரையை எதுக்கு வச்சிருந்தாங்க? விளையாடவா?" என்று கேட்டாள். எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. காலாண்டு விடுமுறை வருகிறது. வாடகை மாடிவீடு, ஓவன் கிடையாது. கூடவே ஐந்து வயதுத் தம்பியும் உண்டு. என்ன செய்யலாம்?

கல்சட்டிக்காரர் சொன்னது:

வணக்கம் சகோதரி. எங்கள் குடும்பம் சேலம் பக்கம் மாக்கல் கடைகிற குடும்பம். சிந்துவெளி முத்திரைகளில் பெரும்பாலானவை மாக்கல்தான் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அவற்றின் மேல் தனிப் பிரியம். நகத்தால் கீறினாலே கோடு விழுகிற கல் அது. செதுக்கி முடித்த பிறகு சூளையில் சுட்டிருக்கிறார்கள். சுட்டால் கெட்டிப்படும், மேல்பக்கம் வெளுக்கும்.

வீட்டில் அதற்குப் பதில் துணி துவைக்கிற சோப்பு போதும். புதுக் கட்டியாக வாங்குங்கள், காய்ந்து போனது உதிரும். மூன்று சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிக் கொடுங்கள். அசல் முத்திரைகளில் பலவும் ஏறக்குறைய அந்த அளவுதான். தீர்ந்துபோன பேனா முனை, ஊக்கு, இரண்டும் போதும். மேலே எழுத்து, கீழே ஒரு விலங்கு. எழுத்துக்கு அவள் பெயரையே செதுக்கட்டும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். என் பையன் பத்து வயதில் இதைச் செய்தான். ஒரு மணி நேரம் செதுக்கி, ஈரக் களிமண்ணில் அழுத்தி எடுத்துப் பார்த்தால் பெயர் இடவலம் மாறி நிற்கிறது. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் எழுந்து போய் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டான். இரண்டாவது கட்டியில் எல்லாவற்றையும் திருப்பிச் செதுக்கினான். நாலாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் அந்தக் கைவினைஞரும் திருப்பித்தான் செதுக்கியாக வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டி வரவில்லை.

இரண்டாவதைக் களிமண்ணில் அழுத்தி எடுத்த அச்சில், கடைசி எழுத்து இடம் போதாமல் வலது ஓரத்தில் நெருங்கி நின்றது. நாம் இடமிருந்து வலம் எழுதுகிறோம், அதனால் நெரிசல் வலப்பக்கம். சிந்துவெளி முத்திரை அச்சுகள் சிலவற்றில் நெரிசல் இடது ஓரத்தில் இருக்கிறது. அந்த எழுத்து வலமிருந்து இடம் ஓடியது என்று அறிஞர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு சான்று. படிக்கவே முடியாத எழுத்தின் திசையை இப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று காட்டினபோது அவன் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

இனி உங்கள் மகளின் கேள்வி. குஜராத்தில் லோத்தல் என்ற ஊரில் தீப்பிடித்த கிடங்கு ஒன்றில் முத்திரை பதித்த களிமண் வில்லைகள் கிடைத்தன. தீயில் வெந்ததால்தான் தப்பின. அவற்றின் முன்பக்கம் முத்திரை, பின்பக்கம் கயிறும் பாயும் பதிந்த தடம். சரக்கு மூட்டையின் முடிச்சின் மேல் களிமண் அப்பி முத்திரை குத்தியிருக்கிறார்கள். நீங்களும் ஒரு பொட்டலத்தைச் சணலால் கட்டி, முடிச்சின் மேல் களிமண் வைத்து அவள் முத்திரையை அழுத்தச் சொல்லுங்கள். காய்ந்ததும் பெயர்த்துத் திருப்பிப் பாருங்கள். சணலின் முறுக்கு ஒவ்வொன்றும் தெரியும்.

கணக்கு டீச்சர் சொன்னது:

செங்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடுகளுக்குப் போட்ட செங்கல் பெரும்பாலும் 7, 14, 28 சென்டிமீட்டர். கனம், அகலம், நீளம் 1:2:4. வீட்டில் 1, 2, 4 சென்டிமீட்டரில் அட்டை அச்சு செய்து முப்பது கல் அறுத்துக் காய வையுங்கள். தீப்பெட்டியின் உள்பெட்டியிலும் பத்துக் கல் அறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்த வரிசை குறுக்குவாக்கில் வைத்துச் சுவர் கட்டட்டும். 1:2:4 கல்லில் இரண்டு அகலம் சரியாக ஒரு நீளத்துக்கு உட்காரும், மூலை பிடிக்கும். தீப்பெட்டிக் கல் துருத்திக்கொண்டு நிற்கும். விகிதம் எதற்கு என்பதை இதைவிட நன்றாக என்னால் கரும்பலகையில் காட்ட முடிந்ததில்லை.

எடைக்கற்களும் அருமையான விஷயம். கனசதுரமாகச் செதுக்கிய கற்கள், 1, 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டிப்பாகப் போகும். அதிகம் கிடைத்தது இதில் 16 என்ற அளவு, சுமார் 13.7 கிராம். துணி மாட்டும் ஹேங்கரில் இரண்டு பக்கமும் டப்பா மூடி தொங்கவிட்டால் தராசு தயார். ஒரு களிமண் உருண்டை போதும். அதற்குச் சமமாக இன்னொன்று செய்து, இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் அடுத்த அளவு வந்துவிடும். இப்படி ஐந்து கல் செய்த பிறகு, 1 முதல் 31 வரை எல்லா எடையும் நிறுக்க முடிகிறதா என்று கேளுங்கள். பதிலை அவளே கண்டுபிடிக்கட்டும்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா சொன்னது:

பழைய நகை எடை என்று குன்றிமணி கொடுக்கத் தோன்றும். தம்பிக்கு ஐந்து வயது என்கிறீர்கள், வேண்டாம். அந்த விதை கடிபட்டு உள்ளே போனால் கடும் விஷம். களிமண்ணே நல்லது.

ஈரோட்டு அம்மா, பத்து நாள் கழித்து:

எல்லோருக்கும் நன்றி. சோப்பில் இரண்டு தடவை செதுக்கினாள். முதல் தடவை பெயர் இடவலம் மாறி வந்ததும் அழுகை வந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லாமல் சும்மா இருந்தேன், அது கஷ்டமாக இருந்தது. அடுத்த நாள் காலையில் அவளே ஜன்னல் கண்ணாடியில் தாளை ஒட்டிப் பின்பக்கம் வரைந்துகொண்டிருந்தாள்.

முறுக்கு டப்பாவைச் சணலால் கட்டி முத்திரை வைத்தாள். சாயங்காலம் வந்து பார்த்தால் களிமண் உடைந்திருந்தது, தம்பியின் விரலில் ஈர மண். "இதுக்குத்தாம்மா முத்திரை! யாராவது பிரிச்சா தெரிஞ்சிடும்ல!" என்று கத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடி வந்தாள். கேள்வி கேட்டவளே பதிலும் சொல்லிவிட்டாள்.

தராசு இன்னும் கட்டவில்லை. செங்கல்தான் பாதிக்கு மேல் வெடித்துவிட்டது. மண்ணில் என்ன கலக்கலாம்?

கல்சட்டிக்காரர் சொன்னது:

நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த மணல். கொஞ்சம் வைக்கோலைப் பொடியாக நறுக்கிப் போட்டாலும் சரி. முதல் இரண்டு நாள் வெயிலில் வைக்காமல் நிழலில் காய விடுங்கள், ஒரு தடவை புரட்டிப் போடுங்கள்.