எண்ட் பிளே: முனையாட்டமா, நெடுக்காட்டமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பழைய பீட்டில் (ஃபோக்ஸ்வேகன் கார்) எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் கையேட்டில் கிராங்க் ஷாஃப்ட் எண்ட் பிளேவுக்கு, அதாவது எஞ்சினின் சுழல் தண்டு நீளவாக்கில் முன்னும் பின்னும் நகர விடுகிற சிறு இடைவெளிக்கு, தமிழில் என்ன எழுதலாம் என்ற கேள்விக்கு வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டேன். என் பங்குக்குக் கொஞ்சம்.

> 'முனை விளையாட்டு' என்றே போட்டுவிடலாமே?

வேண்டாம் ஐயா. பட்டறையில் சொல்லிப் பாருங்கள், பையன்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

> 'முனையாட்டம்' சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் ஆட்டம் முனையில் இல்லையே! அம்பாசடரின் 1489 சிசி பிஎம்சி எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மெயின் பேரிங். கிராங்க் முன்னும் பின்னும் போகாமல் பிடிக்கிற த்ரஸ்ட் வாஷர்கள் நடு பேரிங்கின் இரு பக்கமும் உட்கார்ந்திருக்கும். பீட்டிலில் அதே வேலை ஃபிளைவீல் (தண்டின் நுனியில் பூட்டுகிற கனமான சக்கரம்) பக்கத்து முதல் பேரிங்கில் நடக்கிறது. ஓர் எஞ்சினில் நடுவில், இன்னொன்றில் ஓரத்தில். முனை என்பது நாம் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுகருவி) நிறுத்திப் பார்க்கிற இடம், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எண்ட் என்று இருக்கிறதே என்று நாமும் முனையைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். ஜெர்மன்காரர்கள் 'அக்சியால்ஷ்பீல்' என்று திசையைத்தான் சொல்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் தோன்றியது 'கடையாட்டம்'. மாட்டுவண்டிச் சக்கரத்தின் குடம், கடையாணி வரைக்கும் அச்சில் முன்னும் பின்னும் நகரும். வண்டி போகும்போது டக் டக் என்று சத்தம் கேட்கும். அதேதான் இது. ஆனால் கடை என்றாலும் முனைதானே, நான் சொன்ன குறை அதற்கும் பொருந்துகிறது. ஆசையாக வைத்திருந்த சொல், விட்டுவிட்டேன்.

> 'அச்சு இயங்கிடைவெளி' துல்லியமானது.

துல்லியம்தான், யார் வாயில் நுழையும்? அப்புறம், நம் ஊரில் அச்சு என்றாலே வீல் அச்சு.

ஆகவே என் பரிந்துரை: நெடுக்காட்டம். நெடுக்கு, குறுக்கு எல்லாம் தச்சரும் கொத்தனாரும் தினமும் புழங்குகிற சொற்கள். தண்டின் நீளவாக்கில் ஆடுகிறது என்று விளக்கவே வேண்டாம். கேம் ஷாஃப்ட், டைனமோ ஆர்மெச்சர், வீல் பேரிங் எல்லாவற்றுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம்.

> ஆட்டம் என்றால் கோளாறு என்று பொருள்படாதா?

நல்ல கேள்வி. 'பேரிங் ஆடுது' என்றால் புகார்தான். எண்ட் பிளேயோ நாமே வேண்டுமென்று விடுவது. சூட்டில் தண்டு நீளும், உரசும் முகங்களுக்கு நடுவே எண்ணெய்ப் படலம் நிற்க வேண்டும். இடமே விடாமல் இறுக்கினால் சிக்கிக்கொள்ளும். ஆனால் இந்த வேறுபாட்டைத் தமிழ் வினைச்சொல்லில் காட்டிவிடுகிறது. தேய்ந்து போனால் ஆட்டம் 'கண்டுவிட்டது' என்கிறோம். நாமே அளந்து விட்டால் ஆட்டம் 'வைக்கிறோம்'. கையேட்டில் 'நெடுக்காட்டம் வைத்தல்' என்று தலைப்புப் போட்டால் குழப்பமே வராது. 'அமைத்தல்', 'சரிப்படுத்தல்' வேண்டவே வேண்டாம்.

சொல் வேலை செய்கிறதா என்று பார்க்க அந்தப் பகுதியை எழுதிப் பார்த்தேன்:

"ஆயில் சீல் போடாமல் இரண்டு ஷிம்களை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையத் தகடுகள்) மட்டும் வைத்து ஃபிளைவீலைப் பூட்டவும். தண்டை முன்னும் பின்னும் தள்ளி, டயல் கேஜில் ஆட்டத்தைப் பார்க்கவும். 0.44 மி.மீ. காட்டினால் 0.10 கழிக்கவும்; மூன்றாவது ஷிம் 0.34. பிறகு சீலோடும் மூன்று ஷிம்மோடும் பூட்டி மறுபடி அளக்கவும். நெடுக்காட்டம் 0.07 முதல் 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஓடிய எஞ்சினில் 0.15ஐத் தாண்டினால் நெடுக்காட்டம் மிகுந்துவிட்டது."

படிக்கத் தடங்கல் இல்லை என்றுதான் நினைக்கிறேன். இரண்டாம் வாக்கியத்தில் வெறும் 'ஆட்டம்' என்று சுருக்கியும் பொருள் கெடவில்லை பாருங்கள். (ஷிம் எப்போதும் மூன்றுதான். இரண்டு தடிமனானதைப் போட்டு ஒப்பேற்றலாமா என்று கேட்பவர்களுக்காக அதையும் கையேட்டில் அழுத்திச் சொல்லுங்கள்.)

ஒரு விஷயம். ஒருமுறை ஓர் அம்பாசடரில், பானெட்டைத் திறந்து வைத்து நண்பரை கிளட்ச்சை மிதிக்கச் சொன்னேன். மிதித்ததும் கிராங்க் புல்லி ரேடியேட்டர் பக்கம் கண்ணுக்குத் தெரிகிற அளவு நகர்ந்தது, விட்டதும் திரும்பி வந்தது. கிளட்ச் மிதிக்கிற ஒவ்வொரு முறையும் அந்த அழுத்தம் த்ரஸ்ட் வாஷரில்தான் போய் விழுகிறது. பிரித்துப் பார்த்தால், யாரோ வாஷரைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். எண்ணெய்க் காடி கிராங்கைப் பார்க்காமல் பேரிங் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. கூட நின்ற மெக்கானிக் அண்ணன் புல்லி நகர்ந்ததைப் பார்த்தவுடன் சொன்னது: "நெடுக்கா ஆடுது தம்பி." நான் பரிந்துரைக்கிற சொல்லில் பாதி அவருடையது.

த்ரஸ்ட் வாஷருக்கு 'உந்து வளையம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது உந்துவதில்லை, உந்துதலைத் தாங்குகிறது. 'நெடுக்குத் தாங்கி' என்றால் வளையம் என்பது போய்விடுகிறது. எனக்கு இன்னும் பிடிபடவில்லை. யாராவது சொல்லுங்கள்.