வாரம் 400 டொலரில் ஒரு குடும்பம்: ஒன்ராறியோவில் விபத்துக்குப் பிறகு நாங்கள் கண்டவை

நம்மவர்கள் வாகனக் காப்புறுதி எடுக்கும்போது முகவரிடம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்கிறார்கள். மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்? பொறுப்புக் காப்பீடு ஒரு மில்லியன் போதுமா, இரண்டு மில்லியன் வேண்டுமா? அந்த மில்லியன் நம்மால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கானது. காயப்பட்டு வீட்டில் படுத்திருக்கும் நமக்கு அதிலிருந்து ஒரு சதமும் வராது. தவறு யாருடையதாக இருந்தாலும் நம் கைக்கு வருவது ‘விபத்து நலன்கள்’ என்ற பகுதியிலிருந்துதான். அந்தப் பகுதியின் அடிப்படை அளவு எவ்வளவு என்பதை என் அத்தானின் விபத்துக்குப் பின்னர் அவருடைய படிவங்களை நிரப்பிக் கொடுத்தபோது நெருங்கிப் பார்த்தேன். அதை இங்கே எழுதினால் சிலருக்காவது பயன்படும் என்று நம்புகிறேன்.

பெப்ரவரி மாதக் காலையொன்றில், 401 நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் உறைபனியில் சறுக்கி, அவருடைய வாகனம் தடுப்புச் சுவரில் மோதியது. வேறு வாகனம் எதுவும் சம்பந்தப்படவில்லை; ஆகவே வழக்குத் தொடர எதிராளியும் இல்லை. (எதிராளி இருந்தாலும், காயம் நிரந்தரமானதும் பாரதூரமானதுமாக இருக்க வேண்டும் என்பது சட்டம். வலிக்கும் வேதனைக்கும் கிடைக்கும் தொகை ஒரு குறித்த வரம்புக்குக் கீழே இருந்தால், அதிலிருந்து 40,000 டொலருக்கும் மேல் கழித்துக்கொள்வார்கள்.) கணைக்கால் எலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். மருத்துவமனைச் செலவை மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் பார்த்துக்கொண்டது. உண்மையான நெருக்கடி அவர் வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கியது.

அத்தான் மார்க்கம் நகரில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்தார். மேலதிக நேரத்தையும் சேர்த்து வாரம் 1,150 டொலர் அளவில் உழைத்தார். வருமான ஈடாக மொத்த ஊதியத்தில் 70 வீதம் தருவார்கள் என்று கேட்டதும் அக்காவுக்கு ஓரளவு நிம்மதி வந்தது. கணக்குப்படி 805 டொலர் வர வேண்டும். ஆனால் 2026 ஜூலைக்கு முந்தைய அடிப்படைக் காப்புறுதியில் வாரத்துக்கு 400 டொலர்தான் உச்சவரம்பு. முதல் வாரத்துக்கு அதுவும் இல்லை. இந்த வரம்பை 600, 800 அல்லது 1,000 டொலராக உயர்த்திக்கொள்ளும் தெரிவு காப்புறுதி எடுக்கும்போதே இருக்கிறது. அதை யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லியிருக்கவில்லை. வீட்டுக் கடன் கட்டணம் மட்டும் மாதம் தவறாமல் முழுமையாக வெளியேறிக்கொண்டிருந்தது.

வீட்டு வேலைக்கான உதவியும் அப்படித்தான். காலில் கட்டுடன் இருப்பவரால் வாசலில் குவியும் பனியை அள்ள முடியாது. சமையலறையிலும் நின்று வேலை செய்ய முடியாது. வீட்டுப் பராமரிப்புக்கு வாரம் 100 டொலர் வரை கொடுக்கும் நலன் ஒன்று உண்டு. ஆனால் அந்த அடிப்படைக் காப்புறுதியில் அது உடல் செயலிழத்தல், உறுப்பிழப்பு, கடும் மூளைக்காயம் போன்ற பேரிழப்புக் காயங்களுக்கு மட்டுமே பொருந்தும். எலும்பு முறிவு எவ்வளவு மோசமாக இருந்தாலும் பொதுவாக அந்த வகைக்குள் வராது. அவரைக் குளிக்கவைக்கவும் உடைமாற்றவும் அக்கா தன் வேலையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்தார். குடும்பத்தவர் பராமரித்தால், அவர் உண்மையில் இழந்த வருமான அளவுக்கே பராமரிப்பாளர் உதவித்தொகை கிடைக்கும் என்பதால், அவருடைய ஊதியச் சீட்டுகளை எல்லாம் திரட்டி அனுப்ப வேண்டியிருந்தது.

மருத்துவம், புனர்வாழ்வு, பராமரிப்பாளர் உதவி மூன்றுக்கும் சேர்த்து, பேரிழப்பு அல்லாத காயங்களுக்கு 65,000 டொலர் வரம்பு; பெரியவர்களுக்கு அது ஐந்து ஆண்டுகளுக்குத்தான். 2016 ஜூனில் குறைக்கப்பட்ட அளவு இது. கேட்கும்போது பெரிய தொகையாகத் தெரியும். மதிப்பீடுகள், பிசியோதெரபி, உளவள ஆலோசனை என்று சிகிச்சைத் திட்டத்துக்கு ஒப்புதல் கேட்கும் ஓசிஎஃப்-18 படிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்போது அது கரைவதைப் பார்த்தேன். கூடுதல் கட்டணம் செலுத்தினால் இதை 130,000 டொலராகவோ ஒரு மில்லியனாகவோ உயர்த்தலாம். ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: தசைப்பிடிப்பு, சுளுக்கு போன்ற சிறு காயங்களுக்கான 3,500 டொலர் வரம்பை இந்த மேலதிகத் தெரிவு உயர்த்தாது.

2026 ஜூலை 1 முதல் மருத்துவம், புனர்வாழ்வு, பராமரிப்பாளர் உதவி மட்டுமே கட்டாயம் என்றும், வருமான ஈடு, மரண நலன், ஈமச்செலவு முதலியவை விரும்பினால் வாங்குபவை என்றும் மாகாண அரசு விதியை மாற்றியிருக்கிறது. மாதக் கட்டணத்தைக் குறைக்கலாம் என்று சொல்லி வருமான ஈட்டை நீக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். வேலைத்தளத்தில் நீண்டகால ஊனக் காப்புறுதி இல்லாத எவரும் அதற்குச் சம்மதிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

* * *

மேலே அண்ணா எழுதியதைப் படித்ததும், அவருடைய வாசகியான எனக்கும் என் அனுபவத்தைச் சொல்லத் தோன்றியது. நான் சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை. இரண்டு சிறு பிள்ளைகளை வீட்டிலிருந்து வளர்க்கிறேன். வருமானம் இல்லாதவருக்கு 2026 ஜூலைக்கு முந்தைய அடிப்படைக் காப்புறுதியில் வாரம் 185 டொலர் உண்டு என்றாலும், முதல் நான்கு வாரங்களுக்கு அது கிடைக்காது; வழக்கமான வாழ்க்கையையே நடத்த முடியாத நிலை என்று நிரூபிக்கவும் வேண்டும். எங்கள் முகவர் பொறுமையானவர். “நீங்கள் ஒரு மாதம் படுக்கையில் இருந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள், தங்கச்சி?” என்று கேட்டு, பராமரிப்பவருக்கான மேலதிக நலனைச் சேர்க்கச் சொன்னார். முதல் பிள்ளைக்கு வாரம் 250 டொலர் வரையும், அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 டொலர் வரையும் அதில் கிடைக்கும்.

சந்தியொன்றில் இடப்பக்கம் திரும்பிய வாகனம் மோதி எனக்கு இடுப்பெலும்பில் வெடிப்பு ஏற்பட்டபோது, அந்த நலன்தான் எங்களைத் தாங்கியது. கணவர் வேலையை விடாமல் போய்வர முடிந்தது. வீட்டிலேயே பிள்ளைப் பராமரிப்பு நடத்தும் பக்கத்து வீட்டு அக்காவிடம் பிள்ளைகளை விட்டோம். அவர் அதைத் தொழிலாகச் செய்பவர் என்பதும், வாரந்தோறும் திகதியிட்டுப் பற்றுச்சீட்டு தந்தார் என்பதும் பெரிதும் உதவின. காப்புறுதி நிறுவனத்தின் அலுவலர் முதலில் கேட்டது அந்தச் சீட்டுகளைத்தான். அன்பினால் பார்த்துக்கொள்ளும் உறவினருக்குக் கையில் காசு கொடுத்தேன் என்றால், அவர் அதற்காகத் தன் வருமானத்தை இழந்திருந்தாலன்றி ஏற்க மாட்டார்கள். விபத்து நடந்தால் ஏழு நாட்களுக்குள் நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும்; விண்ணப்பப் படிவம் கைக்கு வந்ததும் முப்பது நாட்களுக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும்.