செங்கால் மரத்தளத்துக்கு எந்த எண்ணெய்? அனுபவசாலிகள் சொல்லுங்கள்

வணக்கம். தரைவீட்டின் பின்புறம் செங்கால் (chengal எனும் மலேசிய வன்மரம்) மரத்தளம், சுமார் 20 சதுர மீட்டர். வெயில் படும் பக்கம் சாம்பல் பூத்துவிட்டது. திருகாணிகளைச் சுற்றிக் கறுப்பு வளையங்கள். இது பூஞ்சை அல்ல. ஈரத்தில் மரத்தின் டானினும் (துவர்ப்புப் பொருள்) திருகாணியின் இரும்பும் சேர்ந்து உண்டாகும் கறை. தயவுசெய்து பிளீச் ஊற்றச் சொல்லாதீர்கள், இந்தக் கறை அதற்குப் போகாது, மரநாரும் கெடும்.

முதலில் திருகாணிகளை துரு எளிதில் பிடிக்காத 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றப் போகிறேன், இல்லாவிட்டால் கறை திரும்ப வரும். பிறகு சோடியம் பெர்கார்பனேட் (அழுக்கு நீக்கும் தூள்) கரைசலை 15 நிமிடம் ஊறவிட்டு, நைலான் பிரஷால் மரரேகையின் போக்கில் தேய்த்து அலசல். அடுத்து கறுப்புக் கறையை எடுக்க லிட்டருக்கு 80 கிராம் ஆக்ஸாலிக் அமிலம், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. உயரழுத்த நீர் நாரைக் கிளப்பிவிடும், வேண்டாம்.

எண்ணெயில்தான் குழப்பம். செங்கால் அடர்த்தியான மரம், அதிகம் குடிக்காது. மிச்சத்தை 20 நிமிடத்துக்குள் துடைக்காவிட்டால் பிசுபிசுக்கும். நிறமி கலந்த எண்ணெய் நம் வெயிலில் உங்களுக்கு எத்தனை மாதம் தாங்கியது? மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானியில் எத்தனை சதவீதம் வந்ததும் பூசுகிறீர்கள்? டிசம்பர் மழைக்குமுன் முடிக்க வேண்டும். ஆக்ஸாலிக் அமிலம் ஒரு கிலோ அளவில் விற்கும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.