குடாவா, களப்பா? விளக்கம் வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை நீர்நிலைகளைப் பற்றி மாணவர்களுக்காக நிலப்படக் குறிப்பு எழுதிவரும் எனக்கு, ‘குடா’ (நிலத்துக்குள் வளைந்து நுழையும் கடற்பகுதி), ‘களப்பு’ (ஒடுங்கிய வாயிலால் கடலோடு இணைந்து நிலம் சூழ்ந்து கிடக்கும் நீர்நிலை) ஆகிய சொற்களின் பயன்பாட்டில் உங்கள் உதவி தேவைப்படுகிறது. மகாவலி ஆறு வந்து கலக்கும் கொட்டியாரக்குடா கடலை நோக்கி அகலத் திறந்திருப்பதால் அதைக் குடா என்பதில் ஐயமில்லை. தம்பலகாமக்குடாவோ, கிண்ணியாப் பாலத்தின் கீழுள்ள ஒடுங்கிய வாயிலால் கொட்டியாரக்குடாவோடு தொடுக்கப்பட்டு, ஏறத்தாழ முழுவதும் நிலம் சூழ்ந்து கிடக்கிறது. தன்மையில் அது களப்புக்கே நெருக்கமானது என்பது என் எண்ணம். மட்டக்களப்பில் களப்பையே வாவி என்கிறார்கள். தமிழ்நாட்டில் பழவேற்காட்டுக் காயலை ஏரி என்பதும் வழக்கம். கிண்ணியா, தம்பலகாமம் மீனவர்கள் பேச்சில் இந்நீர்நிலையை எப்படி அழைக்கிறார்கள், பழைய காணி உறுதிகளின் (நிலப் பத்திரங்களின்) எல்லை விவரத்தில் எந்தச் சொல் வருகிறது என்பதை அறிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். உறுதியிலுள்ள அந்த வரியை மட்டும் படமெடுத்து இட்டாலும் பேருதவியாக இருக்கும்.