மாடி ஏறினாலும் போன் கீழ்த்தள வைஃபையை விடமாட்டேன் என்கிறது

படிக்கட்டு:
கீழ் ஹாலில் வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் (ஏபி) ஒன்று, மாடியில் ஒன்று. இரண்டிலும் ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருள், நடுவே ஈதர்நெட் கேபிள். பெயர், பாஸ்வேர்டு, டபிள்யூபிஏ2 பாதுகாப்பு எல்லாம் ஒன்றேதான். ஐபோனில் பேசிக்கொண்டே மாடி ஏறினால், என் மேஜைக்குப் போய் உட்கார்ந்த பிறகும் கீழ் ஏபியையே கட்டிக்கொண்டு அழுகிறது. ஏபி விட்டு ஏபி வேகமாக மாற உதவும் 802.11ஆர்-ஐ ஆன் செய்து, இரண்டிலும் ஒரே மொபிலிட்டி டொமைன் (இரண்டும் ஒரே குழு என்று காட்டும் அடையாளம்) கொடுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், எதிராளி பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. நான் பேசுவதுதான் அவருக்கு வெட்டி வெட்டிப் போகிறதாம். மேஜையில் சிக்னலை அளந்தேன்: கீழ் ஏபி -68 டிபிஎம், மாடி ஏபி -45 (பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் அதிகம்). இவ்வளவு வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தும் ஏன் மாறவில்லை?

ஆன்டெனா:
எந்த ஏபிக்குப் போவது என்பதைப் போன்தான் முடிவு செய்யும். 802.11ஆர் செய்வது, மாறும் நேரத்தில் போனும் ஏபியும் ரகசியச் சாவிக்காக நடத்தும் பேச்சைச் சுருக்குவது மட்டும். மாறவே மாறாத போனுக்கு அதனால் என்ன பயன்? ஐபோன் -70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கினால்தான் வேறு ஏபியைத் தேடவே தொடங்கும் என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. உங்களுடையது -68. அதைப் பொறுத்தவரை எல்லாம் சுகம்.

வெட்டி வெட்டிப் போகிறது என்றீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. அந்த -68 போன் கேட்பது. ஏபி போனை எப்படிக் கேட்கிறது? ஓபன்டபிள்யூஆர்டியின் செட்டிங் திரையான லூசியில் வயர்லெஸ் பக்கத்தின் அடியில் இணைந்த கருவிகள் பட்டியல் இருக்கும், பாருங்கள்.

படிக்கட்டு:
பார்த்தேன். -80!

ஆன்டெனா:
அவ்வளவுதான். ஏபி கத்துகிறது, போன் முணுமுணுக்கிறது. கீழ் ஏபியின் 5 கிகாஹெர்ட்ஸ் பவர் எவ்வளவு? 23 டிபிஎம் இருந்தால் 14 ஆக்குங்கள். மேஜையில் -77 ஆகிவிடும், படியிலேயே தேட ஆரம்பிக்கும். பவரைக் குறைக்கச் சொன்னால் யாருக்கும் மனசு வராது, இருந்தாலும் செய்து பாருங்கள்.

பழையரவுட்டர்:
மாடி ஏபியில் டிஹெச்சிபி (கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலை) ஆஃப்தானே? கேபிள் வீட்டு நெட்வொர்க்குக்கான லேன் போர்ட்டில்தானே? இன்டர்நெட்டுக்கான வான் போர்ட்டில் செருகியிருந்தால் மாடிக்குப் போனதும் ஐபியே மாறி, போன் கால் அறுந்துவிடும். நான் ஒரு வாரம் ரோமிங்கை, அதாவது ஏபி மாறுவதை, திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் இதுதான். சிக்னல் குறைந்தவரை உதைத்து வெளியேற்றும் செட்டிங்கும் இப்போதைக்கு வேண்டாம். சில போன்கள் உதை வாங்கியும் அதே ஏபிக்கே திரும்பி வரும்.

படிக்கட்டு:
டிஹெச்சிபி ஆஃப்தான், லேன் போர்ட்தான். 23 இருந்தது, 14 ஆக்கினேன். நாலு தடவை ஏறி இறங்கினேன், ஒவ்வொரு தடவையும் படித் திருப்பத்திலேயே மாறிவிட்டது. மாடி ஏபி லாகில், போன் இணைந்த வரியின் கடைசியில் எஃப்டி (802.11ஆர் வழியாக மாறியதன் அடையாளம்) என்று வருகிறது, ஆக ஆர்-உம் வேலை செய்கிறது. போன் கால் அறவில்லை.

ஆனால் ஆர் போட்ட நாளிலிருந்து பழைய பிரின்டர் வைஃபையில் சேரவில்லை என்பதை இன்றைக்குத்தான் கவனித்தேன். அதற்கு மட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆர் இல்லாமல் தனிப் பெயர் கொடுத்துவிட்டேன். பிரின்டர் எங்கே எழுந்து நடக்கப் போகிறது!