மறுமொழி: பாட்டுக்கு ஒட்டாத படம் – 'முரண்காட்சி' வேண்டாமே

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். இசைக் காணொளியில் பாட்டின் வரிக்கு ஒட்டாமல் படம் ஓடுவதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில், 'முரண்காட்சி' என்று ஏறக்குறைய முடிவே கட்டிவிட்டீர்கள். பாம்பனிலிருந்து ஒருத்தன் தாமதமாக வந்து கலைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இசைக் காணொளிகளை ஆராய்ந்த ஆண்ட்ரூ குட்வின் 1992இல் வந்த தன் நூலில் பாட்டின் வரிக்கும் படத்துக்கும் உள்ள உறவை மூன்றாகப் பிரிக்கிறார். வரி சொன்னதையே படம் காட்டுவது ஒன்று. வரி சொல்லாத ஒரு பொருளைப் படம் சேர்த்துக் கொடுப்பது இன்னொன்று. மூன்றாவதில் வரிக்கும் படத்துக்கும் சம்பந்தமே இருக்காது, அல்லது எதிராக நிற்கும். நம் சண்டை இந்த மூன்றாவதற்குத்தான். 'முரண்' என்றால் எதிராக நிற்பது மட்டும்தானே வருகிறது, சம்பந்தமே இல்லாததை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தனுஷ்கோடிக்கு ஆல்பம் பாட்டு எடுக்க வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இது உறைத்தது. எல்லாரும் எடுப்பது ஒரே மாதிரிதான்: பாடகர் முகத்துக்கு க்ளோசப், வாயசைப்பு, நாலு உடுப்பு மாற்றம், தலைக்கு மேலே ட்ரோன். பின்னால் அந்த இடிந்த தேவாலயம். 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு ஆட்களைக் கடல் கொண்டுபோன ஊர் அது, அங்கே நின்று குத்துப்பாட்டுக்கு ஆடுகிறார்கள். அப்படி ஒன்றைப் பெரியப்பாவிடம் போனில் காட்டினேன். நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர். "காத்து ஒரு பக்கம் போகுது, நீவாடு ஒரு பக்கம் போகுது" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். (நீவாடு என்றால் எங்கள் பக்கம் கடலுக்குள் ஓடுகிற நீரோட்டம்.) எதிரெதிராகப் போகுது என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள். அதனதன் போக்கில் போகுது, அவ்வளவுதான்.

அதனால் என் பரிந்துரை 'விலகுகாட்சி'. எதிராக விலகினாலும் விலகல், சும்மா விலகினாலும் விலகல். மற்ற இரண்டையும் இதோடு சேர்த்து ஒட்டுகாட்சி, மிகுகாட்சி என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றும் ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை, தயவுசெய்து நடுவில் 'க்' போட்டுவிடாதீர்கள். மிகுகாட்சிக்குப் 'பெருக்கம்' என்று ஒரு அக்கா சொல்லியிருந்தார், அது ஏற்கெனவே கணக்குப் புத்தகத்திலும் ஒலிபெருக்கியிலும் மாட்டிக்கொண்டிருக்கிறது.

'திணைமயக்கம்' என்ற யோசனை ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் வேண்டாம். சங்கப் பாட்டில் ஒரு நிலத்தின் உரிப்பொருள் (அந்த நிலத்துக்கென்று வகுத்த உணர்வு) இன்னொரு நிலத்தில் வருவது புலவன் தெரிந்தே செய்வது, படிக்கிறவனுக்கு அதில் ஒரு பொருள் கிடைக்கும். வாடகை குறைவு, வெளிச்சம் நன்றாக விழுகிறது என்பதற்காக ஒரு இடத்தைப் பிடிப்பதற்கு அந்தப் பெயரைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. சொல்லப்போனால் அதே இடிந்த சுவர் முன்னால் பிரிவுப் பாட்டு எடுத்தால் நெய்தலுக்குரிய இரங்கல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், அது மிகுகாட்சி.

---

தம்பி, சொல் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். 1964 தெரியாத கோயம்புத்தூர்ப் பிள்ளைக்கு அது வெறும் அழகான பழைய சுவர்தானே? அவளுக்கு எதுவுமே விலகவில்லை. விலகுகாட்சி என்பது படத்தில் இருக்கிறதா, பார்க்கிறவர் கண்ணில் இருக்கிறதா? அப்புறம் 'விலகு' என்றால் வழிவிடு என்று கேட்காதா?

---

அக்கா, வழிவிடுவது பற்றிக் கவலை இல்லை, 'சுடுகாடு' என்றதும் யாரும் காட்டுக்குத் தீ வைக்கப் போவதில்லை. முதல் கேள்விதான் கஷ்டம். குட்வின் வைத்த அளவுகோல் வரியும் படமும்தான், எனவே வரையறையில் பார்வையாளரை இழுக்க வேண்டாம். குத்துப்பாட்டின் வரியில் சுவரும் இல்லை, கடலும் இல்லை, அந்தப் பிள்ளை பார்த்தாலும் அது விலகுகாட்சிதான். பெரியப்பாவுக்கு வலித்ததே, அது இதில் அடங்காது. பார்க்கிறவரின் ஊர் நினைவோடு படம் மோதுவதற்குத் தனியாக ஒரு சொல் வேண்டும், அடுத்த இழையில் தொடங்குகிறேன். இப்போதைக்கு இந்த மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடலாமா?