ஒன்றரை லட்சத்துக்குள்ள ஹார்ட்டெயில் ஒன்னு: எஸ்டேட் ரோட்டுக்கும் ரெண்டு மூனு நாள் பயணத்துக்கும் எது நல்லம்?

மேட்டுலயம்:

வணக்கம் எல்லாருக்கும். நான் தலவாக்கலை பக்கம். வீட்டுல இருக்கிற பழைய 26 இஞ்ச் சைக்கிள்ல தான் இவ்வளவு காலமும் ஓட்டுறேன், டவுனுக்குப் போய்வர அது போதும், ஆனா ஃபாக்டரிக்கு மேல கல்லு பதிச்ச எஸ்டேட் ரோட்டுல ஏற கியர் பத்தல, மழை பேஞ்சிருந்தா எறக்கத்துல பிரேக் புடிச்சும் நிக்காம போய்ட்டே இருக்கு. இப்ப ஒரு ஹார்ட்டெயில், அதாவது முன்னால மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிள் வாங்க சீட்டுக் காசு எடுத்து வச்சிருக்கேன். ஒன்றரை லட்சம், அதுக்கு மேல ஒரு சதமும் முடியாது. சனி ஞாயிறுல தேயிலை மலைக்குள்ள ஓடணும். டிசம்பர் லீவுல நுவரெலியா, வெலிமடை வழியா ஹப்புத்தளைக்குப் போய் ஒஹிய, பம்பரகந்த பக்கம் எறங்கணும்னு ஒரு ஆசை, டென்ட் இல்ல, மாத்துத்துணி, ரெயின்கோட், கொஞ்சம் சாப்பாடு அவ்வளவுதான் சாமான். ஒசரம் அஞ்சடி ஏழு. புதுசா பழசா, டயர் 29 இஞ்சா 27.5ஆ, எத பாத்து வாங்குறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரம்பொடைவளைவு:

தம்பி, கடையில முதல்ல காட்டுறது முன் சஸ்பென்ஷன் ஃபோர்க்கும் பெயின்ட்டும் தான். நம்ம மலைக்கு உயிர் ரெண்டு விஷயம், ஏற சின்ன கியர், எறங்க பிரேக். காச அதுல போடுங்க.

21 கியர்னு ஸ்டிக்கர் இருந்தா ஏறிடும்னு நெனைக்காதீங்க. கடையில நின்னே பல்ல எண்ணுங்க. முன்னால பெடலோட இருக்கிற பல்லுச் சக்கரத்துல, அதான் செயின்ரிங், ஆகச் சின்னதுல 24 பல்லு, பின்னால ஆகப் பெருசுல 28 பல்லு இருந்தா, பெடல் ஒரு சுத்துக்கு டயர் 0.86 சுத்து போகும், விலை குறைஞ்ச 21 கியர்ல நெறைய இப்புடித்தான் வரும். அதே 22க்கு 34 இருந்தா 0.65 தான். கிட்டத்தட்ட கால்வாசி லேசு. சாமானோட ஏறுறப்ப அந்தக் கால்வாசி தான் ஓட்டுறதா எறங்கித் தள்ளுறதான்னு தீர்மானிக்கும். முன்னால ஒரே செயின்ரிங் வர்றதுன்னா 32க்கு 51 இருந்தா 0.63, அதுவும் நல்லம். ஆனா 32க்கு 42ன்னா 0.76 ஆகிடும், சாமானோட நம்ம ஏத்தத்துக்கு கஷ்டம்.

இன்னொன்னு, பின்னால இருக்கிற பல்லுச் சக்கரம் ஹப்புல சொருகுற கேசட்டா, திருகி மாட்டுற ஃப்ரீவீலான்னு கட்டாயம் கேளுங்க. ஃப்ரீவீல்ல வலது பக்க பேரிங் உள்ள தள்ளி இருக்கும், அதுக்கு வெளிய ஆக்சில் தாங்கலில்லாம நீண்டுக்கிட்டு இருக்கும், பின்னால பாரம் வச்சு கல்லு ரோட்டுல அடிச்சா அது வளையும், உடையவும் செய்யும். கேசட் ஹப்னா பேரிங் ஓரத்துக்கே வந்துடும். 7 கியர் ஃப்ரீவீல் உள்ளத எவ்வளவு அழகா இருந்தாலும் விடுங்க.

பிரேக்குக்கு ஹைட்ராலிக் டிஸ்க், கேபிளுக்குப் பதிலா ஆயில் அழுத்தத்துல புடிக்கிறது. நுவரெலியா 1868 மீட்டர் ஒசரத்துல இருக்கு, லபுக்கெலை தாண்டி ரம்பொடைக்கு வர்றப்ப வளைவுக்கு வளைவு புடிச்சிட்டே தான் வரணும், கேபிள் பிரேக்ல வெரல் மரத்துப் போகும். சிமானோ எம்டி200 மாதிரி கீழ்மட்டத்து ஹைட்ராலிக்கே நமக்கு தாராளம். அதுக்கு மினரல் ஆயில் தான் ஊத்தணும், மோட்டபைக் பிரேக் ஆயில ஊத்தினா உள்ள இருக்கிற சீல் எல்லாம் போய்டும், கராஜ்ல யாரும் ஊத்த வந்தா விடாதீங்க.

கம்பளை நானா:

மேல சொன்னது சரி. ஆனா இந்த பட்ஜெட்ல புதுசுல அது எல்லாம் ஒன்னா கெடைக்கிறது கஷ்டம், ஒன்னு இருந்தா ஒன்னு இருக்காது. அதனால ஜப்பான்ல இருந்து வர்ற பழைய சைக்கிள்களயும் பாருங்க தம்பி. ஒரு காலத்துல நல்ல விலைக்கு வித்த ஃப்ரேம், சிமானோ டியோரே கியர் செட்டோட, உங்க காசுக்குள்ள வரும். ஆனா படத்த பாத்து அட்வான்ஸ் போட்டுடாதீங்க, நேர்ல போங்க, பகல் வெளிச்சத்துல போங்க.

போனா முதல்ல ஃபோர்க்ட மினுக்கமான காலுல நெகத்த வச்சு மேலருந்து கீழ வரைக்கும் மெதுவா இழுத்துப் பாருங்க. எங்கயாவது நெகம் தட்டிச்சுன்னா அங்க கீறலோ துருவோ இருக்கு, அந்த இடம் சீலுக்குள்ள போய் வர ஒவ்வொரு தடவயும் சீல அறுக்கும். பழைய ஃபோர்க்குக்கு சீல் இங்க தேடி எடுக்கிறது பெரிய வேல. பொறகு செயின்ரிங் பல்லு சுறா பல்லு மாதிரி கூராகி சாஞ்சிருக்கான்னு பாருங்க, சாஞ்சிருந்தா செயின், கேசட் எல்லாம் சேத்து மாத்துற செலவ விலையில கழிக்கச் சொல்லுங்க. சீட் கம்பிய கழட்டி மேல கீழ எடுக்கச் சொல்லுங்க, நெறைய சைக்கிள்ல அது உள்ளயே இறுகிப் போயிருக்கும். ஃப்ரேம்ல ஒட்டு வச்ச இடங்கள துணியால தொடச்சிட்டு பாருங்க, பெயின்ட்ல மயிர் மாதிரி கோடு ஓடியிருந்தா எடுக்கவே வேணாம்.

ஃப்ரேம்ல ஃபோர்க் நுழையுற குழாய், ஹெட் டியூப், கீழ அகலமா இருந்தா நல்லம். பழைய நேர் டியூப்ன்னா நாளைக்கு ஃபோர்க் மாத்தணும்னா தெரிவு கொறைவு.

டயர் சைஸ பத்தி கேட்டீங்க. கல்லு ரோட்டுல 29 சும்மா உருண்டு போகும், நான் அதத்தான் விரும்புவேன். ஆனா சின்ன டவுன் கடைகள்ல கையில இருக்கிறது 26 டியூப் தான். 29ஓ 27.5ஓ எதுவானாலும் ரெண்டு டியூப் பையில வச்சிக்கோங்க.

மேட்டுலயம்:

ரம்பொடை அண்ணே, நானா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இந்த கெழம ரெண்டு பாத்துட்டேன். ஒன்னு புதுசு, 29, கேபிள் டிஸ்க், 3x8 (முன்னால மூனு, பின்னால எட்டு பல்லுச் சக்கரம்), கேசட் தான்னு சொன்னாங்க, 22க்கு 34 பல்லு எண்ணிட்டேன், ஸ்பிரிங் ஃபோர்க். மத்தது ஜப்பான் பழசு, 27.5, ஹைட்ராலிக், 2x10, ஏர் ஃபோர்க், அதுல 24க்கு 36. விலை ரெண்டும் ஏறக்குறைய ஒன்னு தான். மனசு பழசுக்கு போகுது, ஆனா அதுல கேரியர் பூட்ட ஃப்ரேம்ல ஓட்டை இல்ல. சாமான் எப்புடி கட்டுறது?

ஊவாக்காத்து:

தம்பி, கேரியர் ஓட்டை இல்லன்னு அத விட்டுடாதீங்க. நீங்க சொன்ன சாமானுக்கு கேரியரே தேவையில்ல. சீட்டுக்குப் பின்னால ஒரு நீட்டுப் பை, ஹேண்டில்ல தண்ணி போகாத ஒரு ட்ரை பேக், ஃப்ரேமுக்குள்ள ஒரு சின்ன பை போதும். துணி சீட்டுப் பைக்குள்ள, ரெயின்கோட் ஹேண்டில்ல கைக்கு எட்டுற மாதிரி, டியூப், பம்ப், ஸ்பேனர், தண்ணி எல்லாம் ஃப்ரேமுக்குள்ள கீழ. பாரமானது எவ்வளவு கீழ, நடுவுல இருக்கோ அவ்வளவு நல்லா ஓடும். சீட்டுப் பையில பாரத்த போட்டா ஏத்தத்துல எழும்பி மிதிக்கிறப்ப வால் ஆடும், எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

ஒன்னு கவனிங்க. ஹேண்டில் பைய கட்டிட்டு ஃபோர்க்க முழுசா அமுக்கிப் பாருங்க, பை டயர்ல முட்டக்கூடாது. பிரேக் குழாய பை மடிச்சு நசுக்கவும் கூடாது. ஏர் ஃபோர்க்ன்னா சாமான் ஏத்தினப்ப கொஞ்சம் காத்து கூட்டிக்கலாம், அதுக்குன்னு சின்ன பம்ப் இருக்கு. ஸ்பிரிங்ல அந்த வசதி இல்ல, உள்ள இருக்கிற ஸ்பிரிங் எவ்வளவோ அவ்வளவு தான். எந்தப் பையா இருந்தாலும் உள்ள ஒரு தடிப்பான பொலித்தீன் பைய போட்டுட்டு துணிய வைங்க, வாட்டர்ப்ரூஃப்னு எழுதியிருந்தாலும்.

டிசம்பர்ல வராதீங்க தம்பி. அந்த நேரம் எங்க பக்கம் வடகீழ் பருவமழை, ஊவால மண்ணு சரியுற காலம். ஒஹியல இருந்து பம்பரகந்தைக்கு எறங்குற டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ் ரோட்டு கல்லும் களிமண்ணுமா செங்குத்தா எறங்கும், ஈரத்துல அதுல போறத நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன். பெப்ரவரி, மார்ச்ல வாங்க. அப்ப பம்பரகந்த 263 மீட்டர் நீர்வீழ்ச்சி மெலிஞ்சு தான் விழும், ஆனா பாதை காஞ்சிருக்கும். உங்க பக்கம் மழையான ஜூன், ஜூலைல எங்க பக்கம் காஞ்சு கெடக்கும், காத்து மட்டும் பயங்கரமா அடிக்கும். டம்பேத்தன்ன ஃபாக்டரில இருந்து லிப்டன் சீட்டுக்கு ஏறுற ரோட்டயும் விட்டுடாதீங்க, விடிய முந்தி ஏறினா மூடுபனி வர முன்னுக்கு பாத்துட்டு வரலாம்.

பீக்கோ ட்ரெயில்லயும் ஓட நெனச்சிருப்பீங்க. அது கண்டி ஹந்தானைல தொடங்கி நுவரெலியால முடியுற 300 கிலோமீட்டர் சொச்ச நடைபாதை, 22 பகுதி. எஸ்டேட் ரோட்டுல வர்ற பகுதிங்க ஓட்ட நல்லா இருக்கும், சில இடத்துல படியும் ஒத்தயடிப் பாதையும் தான், தூக்கிட்டு நடக்கணும். கொழுந்து எடுக்கிற மலைக்குள்ள போறப்ப வேகத்த கொறைங்க, கூடையோட அம்மாமார் திடீர்னு ரோட்டுக்கு எறங்குவாங்க. அவங்க வேல செய்ற இடம் அது.

ரம்பொடைவளைவு:

ஊவா அக்கா சொன்னதுக்கு மேல எனக்கு சாமான பத்தி சொல்ல ஒன்னுமில்ல. 24க்கு 36ன்னா 0.67, டயரும் 29 விட சின்னது, ஏறும் தம்பி, பயப்படாதீங்க. நானா சொன்ன நெகம் சோதனைல ஃபோர்க் தேறிட்டா பழசையே எடுங்க. தேறலன்னா புதுச எடுத்துட்டு, பொறகு காசு சேந்தப்ப பிரேக்க மட்டும் ஹைட்ராலிக்கா மாத்துங்க, அதுல கியரும் கேசட்டும் நல்லா இருக்கு.

எடுக்க முன்ன ரோட்டர, அதான் பிரேக் புடிக்கிற வட்டத் தகட்ட, உத்துப் பாருங்க, சிலதுல ரெசின் பேட் ஒன்லின்னு இங்கிலீஷ்ல பொறிச்சிருப்பாங்க. அப்புடி இருந்தா மெட்டல் பிரேக் பேட் போடக்கூடாது, ரோட்டர தின்னுடும். ரெசின் பேட் சத்தமில்லாம நல்லா புடிக்கும், ஆனா மழையும் சேறும் சேந்தா சீக்கிரம் தேஞ்சிடும், அதனால பயணத்துக்கு ஒரு ஜோடி கூடுதலா எடுத்துட்டுப் போங்க. பின்னால கியர் மாத்துற டீரெய்லர் தொங்குற சின்னத் துண்டு, டீரெய்லர் ஹேங்கர், அதுவும் அந்த ஃப்ரேமுக்கு பொருந்துறது ஒன்னு இப்பவே தேடி வச்சிருங்க, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வேற வேற, ஒஹிய எறக்கத்துல கல்லுல அடிச்சு வளைஞ்சா அங்க எந்தக் கடையிலயும் கெடைக்காது. அஞ்சடி ஏழுக்கு பெரும்பாலும் மீடியம் சரியா வரும், ஆனா நின்னு பாக்காம காசு குடுக்காதீங்க, ஏறி நின்னா மேல் கம்பிக்கும் உங்களுக்கும் நடுவுல ரெண்டு மூனு வெரல் இடமாவது இருக்கணும்.